செட்டில்மெண்டுப் பணமும் இரண்டு விசிட்டிங் கார்டுகளும்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை சங்க ஆபீசுக்கு ஒரு தொழிலாளி வந்தார். ரிங் பிரேமில் சைடராக 32 வருஷம் நின்றவர். 58 வயது பூர்த்தியாகி மில்லை விட்டு வெளியே வந்தவர். சட்டைப் பையிலிருந்து இரண்டு கார்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"தோழர், இந்த ரெண்டு பேர்ல யாருகிட்டங்க போறது?" என்று கேட்டார்.

ஒரு கார்டில் 'வெல்த் மானேஜர்' என்று அச்சிட்டிருந்தது. அவருடைய சம்பளக் கணக்கு இருக்கும் பாங்கியின் கார்டு அது. மற்றொன்றில் 'பைனான்ஷியல் பிளானர்'. அது அவர் குடியிருக்கும் வீதியிலேயே உள்ள ஒரு வாத்தியார் மகனுடையது. பிராவிடண்டு பண்டுப் பணம் கணக்கில் ஏறிய மூன்றாம் நாளே பாங்கியிலிருந்து போன் வந்துவிட்டதாம். முப்பத்திரண்டு வருஷமாக அவரைக் கவுண்டருக்கு வெளியே நிற்கவைத்த பாங்கி, இப்போது உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்திருக்கிறது.

கணக்கைக் கேட்டேன். பிராவிடண்டு பண்டில் 8 லட்சத்து 90 ஆயிரம். கிராஜுவிட்டி 3 லட்சத்து 32 ஆயிரம். ஆக மொத்தம் 12 லட்சத்து 22 ஆயிரம். பென்ஷன் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வரும். இதற்கு மேல் அவருக்கு இனி எந்தப் பக்கமிருந்தும் ஒரு ரூபாய் வராது. மனைவி ஒருவர், கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன்.

எனக்கு உடனே வாய் திறந்து பதில் சொல்ல வரவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன் நான் என்பது மட்டுமல்ல காரணம். பழைய கடன் ஒன்று என் மனதில் கிடக்கிறது.

2012-ம் வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிய ஒரு தொழிலாளி இதே மேஜைக்கு வந்து இதே போன்ற கேள்வியைக் கேட்டார். "பாங்கிதானே, பயப்படாமல் போடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று வேறொரு பேச்சுவார்த்தைக்குப் போகும் அவசரம். அவரும் போய் ஒரு லட்சம் ரூபாயை பிக்சட் டிபாசிட் என்று நினைத்துக்கொண்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வருஷம் ஒரு கடிதம் வந்தது: இரண்டாம் தவணைப் பிரீமியம் ஒரு லட்சம் கட்டவும்! பாங்கியின் பிக்சட் டிபாசிட் அல்ல அது. வருஷா வருஷம் ஒரு லட்சமாகப் பத்து வருஷம் கட்ட வேண்டிய இன்சூரன்ஸ் பாலிசி. வேலையை விட்ட மனிதன் எங்கிருந்து கட்டுவான்? மூன்று வருஷம் கட்டாததால் போட்டதும் திரும்பாது என்று பதில் வந்தது. மனு எழுதினோம், அலைந்தோம். கையெழுத்து அவருடையதுதானே என்றார்கள். இன்றுவரை அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

ஆகவே இந்தத் தடவை, "ஒரு வாரம் பொறுங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டு, விஷயத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் பார்த்தேன். தெரிந்துகொண்டதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கோவை வட்டாரத்தில் மட்டும் எத்தனை மில்கள் மூடிக் கிடக்கின்றன! 2020 மார்ச் ஊரடங்கோடு சக்கரம் நின்றுபோன என்.டி.சி. ஆலைகளின் தொழிலாளிகள் எத்தனை பேர்! ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாள் கொஞ்சம் பணம் வந்து விழும். விழும் அன்று கார்டுகளும் வந்து விழும்.

பட்டத்தில் என்ன இருக்கிறது?

வெல்த் மானேஜர் என்பவர் யார்? பெயரே சொல்கிறதே, வெல்த் என்றால் செல்வம். செல்வம் உள்ளவனுக்குத்தான் அதை நிர்வகிக்க ஆள் வேண்டும். பங்குகள், கட்டடங்கள், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிப்பது, வருமான வரியைக் குறைப்பது, வெளிநாட்டில் முதலீடு செய்வது ஆகிய இவைதாம் அந்தத் தொழிலின் அசல் வேலை. அவர்கள் விற்கும் சரக்குகளின் நுழைவுச் சீட்டைப் பாருங்கள். 'போர்ட்போலியோ' நிர்வாகம் என்ற சேவைக்கு 50 லட்ச ரூபாய்க்குக் குறைந்து பணம் வாங்கக்கூடாது என்பது செபி 2020-ல் அமல்படுத்திய விதி. 'மாற்று முதலீட்டு நிதி' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அடிப்படைத் தொகை ஒரு கோடி. 12 லட்சம் வைத்திருக்கும் ரிங் பிரேம் சைடருக்கு அந்த வாசலில் என்ன வேலை?

அப்படியானால் அவர் கையில் அந்தக் கார்டு எப்படி வந்தது? இதுதான் கவனிக்க வேண்டிய சூட்சுமம். பாங்கியில் மாதா மாதம் இவ்வளவு இன்சூரன்ஸ், இவ்வளவு மியூச்சுவல் பண்டு விற்றாக வேண்டும் என்று இலக்கு வைத்து விரட்டப்படுகிற ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பட்டத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன்தான். இலக்கு முடிக்காவிட்டால் அவன் வேலை போய்விடும். ஆனால் அவன் வேலையைக் காப்பாற்ற நம் கிராஜுவிட்டியைக் கொடுக்க முடியுமா?

பைனான்ஷியல் பிளானர் என்பவரின் வேலை வேறு. வரவு என்ன, செலவு என்ன, கடன் எவ்வளவு, எந்த வட்டிக்கு, பெண் கல்யாணம் எப்போது, நோய் வந்தால் என்ன செய்வது, நாளைக்கு நீ இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று இவற்றையெல்லாம் உட்கார்ந்து கேட்டு ஒரு கணக்குப் போட்டுக் கொடுப்பது. இந்த வேலை ஏழைக்கும் பயன்படும்; உண்மையைச் சொன்னால் ஏழைக்குத்தான் அதிகம் பயன்படும். பணக்காரன் ஒரு தப்புச் செய்தால் ஒரு வீடு குறையும். நம்மவன் தப்புச் செய்தால் சோறு குறையும்.

எனவே பிளானர் நல்லவர், மானேஜர் பொல்லாதவர் என்று முடித்துவிடலாமா? கூடாது. ஏனென்றால் பிளானர் என்று கார்டு அடித்துக்கொள்ளவும் காசு மட்டும் போதும். அதற்கென்று ஒரு பரீட்சை உண்டு, சர்ட்டிபிகேட் உண்டு. அது லைசென்சு ஆகாது. சட்டத்தின் கண்ணுக்கு இந்த இரண்டு பட்டமும் ஒரு பொருட்டல்ல. அது பார்ப்பது வேறு இரண்டு ஜாதியை. ஒருவர் ஆலோசகர், மற்றவர் விற்பனையாளர்.

2013-ல் செபி, முதலீட்டு ஆலோசகர்களுக்கென்று விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி ரிஜிஸ்தர் செய்துகொண்டவர் தன்னிடம் வருகிறவருக்குத் தர்மகர்த்தா போல நடக்க வேண்டும். அவருடைய நன்மையை முன்னே வைத்து, தன் நன்மையைப் பின்னே வைக்க வேண்டும். கூலியை நம்மிடமிருந்துதான் வாங்க வேண்டும். 2020-ல் அந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். ஒரே குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லிச் சரக்கையும் விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது என்றார்கள். வெறும் விற்பனையாளர், ஆலோசகராக ரிஜிஸ்தர் செய்துகொள்ளாமல் 'வெல்த் அட்வைசர்' போன்ற பெயர்களைச் சூட்டிக்கொள்ளவும் கூடாது என்றார்கள். தடை 'அட்வைசர்' என்ற சொல்லுக்கு வந்ததும், கார்டில் 'மானேஜர்' என்ற சொல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது!

சந்தைத் துண்டு

மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? விவசாயத் தொழிலாளிகளுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. தரகர் கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். அந்த விரல் கணக்கு நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவர் தரகர் என்பது சந்தையில் உள்ள எல்லாருக்கும் தெரியும். வாங்குகிறவனிடம் இவ்வளவு, விற்கிறவனிடம் இவ்வளவு என்று தரகு வாங்கிக்கொண்டுதான் போவார். அதில் ஒளிவு மறைவு கிடையாது. கண்ணாடிக் கதவு போட்ட பாங்கியிலோ, துண்டு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. தரகரை நாம் ஆலோசகர் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறோம்.

துண்டுக்குள் என்ன நடக்கிறது? ஆயுள் இன்சூரன்சில் முதல் வருஷப் பிரீமியத்தில் நூற்றுக்கு 35 வரை கமிஷன் கொடுக்கலாம் என்று நெடுங்காலம் விதி இருந்தது. 2023-ல் அந்தத் தனித்தனி உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, கம்பெனியின் மொத்தச் செலவுக்கு மட்டும் ஒரு வரம்பு என்று ஆக்கிவிட்டார்கள். 2012-ல் ஏமாந்த அந்தத் தொழிலாளியின் ஒரு லட்சத்தில் எத்தனை ஆயிரம் யார் யார் பைக்குப் போயிற்றோ!

அவர் ஒருவர் கதையல்ல இது. 2004-05 முதல் 2011-12 வரை ஏழெட்டு வருஷத்தில், ஆயுள் இன்சூரன்சைத் தவறாகச் சொல்லி விற்றதால் ஜனங்கள் இழந்த தொகை ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மோனிகா ஹலான், ரேணுகா சானே, சூசன் தாமஸ் ஆகிய மூவர் கணக்கிட்டு வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில்தான் பங்கு மார்க்கெட்டோடு இணைத்த 'யூலிப்' பாலிசிகள் ஊரெங்கும் விற்கப்பட்டன. 2010 ஏப்ரலில் செபி 14 கம்பெனிகளைத் தடுத்தது. மத்திய சர்க்கார் என்ன செய்தது? ஜூன் மாதமே ஒரு அவசரச் சட்டம் போட்டு, அது செபியின் அதிகாரத்தில் இல்லை என்று ஆக்கியது. இன்சூரன்ஸ் ஆணையம் பிறகு கட்டணங்களைக் குறைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் போனது போனதுதான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நான் பேசவில்லை. மரணம் நேர்ந்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து, பாரத்தைப் பூர்த்தி செய்து, பணம் கைக்கு வரும்வரை நடந்த ஏஜெண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவரை ஏஜெண்டு என்றே தெரிந்துகொண்டு பாலிசி எடுங்கள் என்பதுதான் என் பேச்சு.

மியூச்சுவல் பண்டு விஷயம் கொஞ்சம் வேறு. போடும்போதே பிடிக்கிற கமிஷனை 2009 ஆகஸ்டில் ஒழித்தார்கள். ஆனால் வருஷா வருஷம் நம் பணத்திலிருந்து சத்தமில்லாமல் கழிகிற கமிஷன் நின்றுவிடவில்லை. 2013 ஜனவரி முதல் 'டைரக்ட்' என்று ஒரு வழி திறந்தார்கள். அதில் இடையில் தரகர் இல்லை, கமிஷனும் இல்லை. ஒரு சதவிகிதம்தானே என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். கணக்குக்காக ஒரு 5 லட்சம், வருஷத்துக்கு நூற்றுக்கு 10 வீதம் 15 வருஷம் வளர்வதாக வைத்துக்கொள்வோம். (அப்படி வளரும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது, தருகிறேன் என்பவனிடம் நிற்கவே வேண்டாம்.) அது 20 லட்சத்து 88 ஆயிரமாகும். நூற்றுக்கு 9 என்றால் 18 லட்சத்து 21 ஆயிரம். அந்த ஒரு சதவிகிதத்தின் விலை இரண்டரை லட்சத்துக்கும் மேல்! நம் தோழர் 32 வருஷம் நின்று வாங்கிய கிராஜுவிட்டியில் முக்கால் பங்குக்கு மேல் அது.

பெரிய மனிதர்களும் தப்பவில்லை

வெல்த் மானேஜர் கவனிப்பில் இருந்தால் பணம் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு எஸ் பாங்கி விவகாரம் ஒரு பாடம். 2020 மார்ச்சில் அந்தப் பாங்கி கவிழும் நிலைக்கு வந்தபோது, அது விற்றிருந்த 'ஏ.டி.-1' என்னும் பத்திரங்கள் 8,415 கோடி ரூபாய் அளவுக்கு ஒரே வீச்சில் பூஜ்யமாக்கப்பட்டன. பாங்கி பிழைத்துக்கொண்டது. பத்திரம் வாங்கியவர்கள் கையில் காகிதம் மிஞ்சியது. பத்திரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்த ஷரத்துதான் அது. ஆனால் அதை யாருக்கு விற்றார்கள்? செபி 2021 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில் விவரம் இருக்கிறது. தனி நபர்கள் 1,346 பேர் போட்டது ஏறக்குறைய 679 கோடி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே பாங்கியின் வாடிக்கைக்காரர்கள். 277 பேர் தங்கள் பிக்சட் டிபாசிட்டை நடுவில் முறித்து அந்தப் பத்திரத்தில் போட்டிருக்கிறார்கள். பாங்கிக்கு 25 கோடி அபராதம் விதித்தார்கள். அபராதத்துக்கு ஆளானவர்களில் அந்தப் பாங்கியின் 'பிரைவேட் வெல்த் மானேஜ்மெண்ட்' பிரிவின் தலைவராக இருந்தவரும் ஒருவர். அபராதத்தை எதிர்த்து அப்பீல் போனார்கள். பத்திரத்தைப் பூஜ்யமாக்கியது செல்லாது என்று பம்பாய் ஹைகோர்ட் 2023 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், கோடி வைத்திருந்தவர்கள் கதியே இது.

கார்டே இல்லாத மூன்றாம் ஆள்

நம்மவர்களைப் பொறுத்தவரை மேலே சொன்ன இருவரைவிட ஆபத்தானவன் கார்டு இல்லாத மூன்றாம் ஆள். அவன் பாங்கியிலிருந்து வருவதில்லை. பக்கத்து லைனிலிருந்து வருகிறான். மச்சான் என்பான், பங்காளி என்பான். சில வேளைகளில் சங்கத்தில் நம்மோடு கொடி பிடித்தவனாகவும் இருப்பான். 2009-ல் திருப்பூரில் அந்நியச் செலாவணி வியாபாரம் என்று சொல்லி 'பாசி' கம்பெனி சுருட்டிய தொகை 930 கோடி என்றார்கள். 2022 ஆகஸ்டில் கோவை கோர்ட்டு இருவருக்கு 27 வருஷம் தண்டனை விதித்தது. பணம் போட்டது எப்போது, தீர்ப்பு வந்தது எப்போது? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி. கோழியை நீ வளர், தீவனம் நான் தருகிறேன், மாதா மாதம் பணம் என்றார்கள். கடைசியில் தீவனமில்லாமல் கோழிகள் செத்தன. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்றார்கள். 2022-ல் ஆருத்ரா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், 2,438 கோடி.

1997-லேயே தமிழ்நாட்டில் டிபாசிட்தாரர்களைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. 2019-ல் மத்தியச் சட்டமும் வந்தது. சட்டம் சொத்தை ஜப்தி செய்யும், ஏலம் விடும், கிடைத்ததைப் பங்கு போடும். அதற்குள் போட்டவன் கிழவனாகிவிடுகிறான்.

விவசாயத் தொழிலாளித் தோழர்கள், "நமக்கு ஏது பன்னிரண்டு லட்சம்? எந்த மானேஜர் நம் குடிசைக்கு வரப்போகிறான்?" என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே வாரா வாரம் வருகிறவன் குழுக் கடன் வசூல்காரன். ஆனால் திட்டமிடுவது என்ற வேலை அங்கேயும் உண்டு. நகையை நூற்றுக்கு 24 வட்டிக்கு அடகு வைத்துவிட்டு, மறுபக்கம் சீட்டுக் கட்டி லாபம் வரும் என்று காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! முதலில் அடகை மீட்பதைப்போல நிச்சயமான லாபம் எந்தப் பங்கு மார்க்கெட்டிலும் கிடையாது. ஆனால் "கடனை அடை" என்று சொல்வதற்கு எவனுக்கும் கமிஷன் இல்லை. ஆகவே எவனும் அதைச் சொல்வதில்லை. அதேபோல, பாங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 50 வயதுக்காரர், வருஷம் 436 ரூபாய் கட்டினால் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும் சர்க்கார் இன்சூரன்ஸ் 2015 முதல் இருக்கிறது (ஆரம்பத்தில் 330 ரூபாய், 2022 ஜூனில் ஏற்றினார்கள்). விபத்துக்கு மட்டும் என்றால் 20 ரூபாய். இதற்காக எந்த மானேஜராவது உங்களுக்குப் போன் செய்ததுண்டா? சீட்டுக் கட்டுகிறவர்கள், அது 1982 சட்டப்படி ரிஜிஸ்தர் ஆன சீட்டுதானா என்று மட்டுமாவது கேளுங்கள்.

யாரிடம் போவது?

தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வெல்த் மானேஜரிடம் போக வேண்டியதில்லை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிளானரிடம் போகலாமா என்றால், ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள்: "உங்களுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள்?" நீங்கள்தான் கொடுக்க வேண்டும், இவ்வளவு, இதோ எழுத்தில் என்றால் உட்காருங்கள். "நீங்கள் ஒன்றும் தர வேண்டாம், எல்லாம் இலவசம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இலவசம் என்றால் துண்டு இருக்கிறது என்று அர்த்தம். ரிஜிஸ்தர் நம்பரையும் கேளுங்கள். செபியில் ஆலோசகராகப் பதிந்தவர் நம்பர் ஐ.என்.ஏ. என்ற மூன்று எழுத்தில் ஆரம்பிக்கும். (நேதாஜியின் படையை நினைத்துக்கொண்டால் மறக்காது!) மியூச்சுவல் பண்டு விற்கிறவர் நம்பர் ஏ.ஆர்.என். என்று ஆரம்பிக்கும். செபியின் ஜாபிதாவில் பெயர் இருக்கிறதா என்று படித்த பிள்ளைகள் செல்போனிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பணத்தை அவர் பெயருக்குக் கொடுக்கக் கூடாது. அவருக்குக் கொடுப்பது கூலி மட்டும்; முதலீட்டுக்கான செக் எப்போதும் பாங்கி, போஸ்டாபீஸ், பண்டு இவற்றின் பெயருக்கே போக வேண்டும்.

வாத்தியார் மகனிடம் நம் தோழர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஏ.ஆர்.என். நம்பர்தான் இருக்கிறது என்று அந்தப் பையன் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டதற்காக அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஐ.என்.ஏ. நம்பர் வைத்திருப்பவர்கள் நாடு முழுவதும் ஆயிரம் பேர் அளவில்தான். ஆயுள் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளோ இருபது லட்சத்துக்கும் மேல். நமக்காகப் பேசுகிறவன் ஒருவன், விற்க வருகிறவன் இரண்டாயிரம் பேர் என்று கணக்காகிறது. அந்த ஆயிரம் பேரிலும் பெரும்பாலோர் பெரிய பட்டணங்களில் இருக்கிறார்கள், இங்கிலீஷில் பேசுகிறார்கள். அவர்கள் ஒரு குடும்பத்திடம் வருஷத்துக்கு வாங்கக்கூடிய நிலையான கட்டணத்துக்கு உச்சவரம்பு 2020-ல் 1,25,000 ரூபாய். 2025-ல் அதை 1,51,000 ஆக்கினார்கள். உச்சவரம்புதான், எல்லாரும் அவ்வளவு வாங்குவதில்லை. ஆனாலும் அந்தத் தொகை நம் தோழருடைய மூன்று வருஷப் பென்ஷனுக்குச் சமீபம் என்பதைப் பார்த்தால், அந்த விதி யாரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பது விளங்கும்.

உண்மையில் தொழிலாளியின் 'வெல்த் மானேஜர்' வேறு இடத்தில் இருக்கிறார். பிராவிடண்டு பண்டு நிர்வாகம்தான் அது. இருபது லட்சம் கோடிக்கு மேல் நம் பணம் அங்கே இருக்கிறது. 2015 ஆகஸ்டிலிருந்து அதில் ஒரு பகுதியைப் பங்கு மார்க்கெட்டிலும் போடுகிறார்கள். நம்மைக் கேட்டுப் போடவில்லை. டிரஸ்டிகள் போர்டில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் அது. 1956-ல் ஆயுள் இன்சூரன்சைத் தேசியமயமாக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் அடுத்த வருஷமே முந்த்ரா என்ற முதலாளியின் கம்பெனிப் பங்குகளில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்ப் பொதுப் பணத்தைக் கொட்டினார்கள். பார்லிமெண்டில் பெரோஸ் காந்தி எழுந்து கேட்டார். சக்ளா விசாரணை நடந்தது. 1958-ல் நிதிமந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். கேட்க ஆள் இருந்ததால் நடந்தது அது.

இனி அந்தத் தோழர் என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறேன்.

மறுவாரம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதலில் கடன். சொசைட்டிக் கடனும் நகைக் கடனும் சேர்த்து 1 லட்சத்து 62 ஆயிரம் அடைத்தார். பிறகு தலைமைப் போஸ்டாபீஸ். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் என்று ஒன்று அங்கே இருக்கிறது. 60 வயது ஆனவர்களுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவரானால் 55 வயதிலேயே, பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டியை நூற்றுக்கு 8.2 என்று வைத்தார்கள். போடக்கூடிய உச்சத்தொகையையும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சர்க்கார் வட்டியை மாற்றலாம். ஆனால் சேருகிற அன்று உள்ள வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. 8 லட்சம் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 16,400 ரூபாய் வரும். மாதத்துக்கு 5,466 என்று ஆயிற்று. பென்ஷனைவிட அது அதிகம்.

இரண்டு கார்டுக்காரர்களில் ஒருவர்கூட இந்தத் திட்டத்தைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை. ஏன் என்று தேடிப் பார்த்தேன். இதில் ஏஜெண்டுக்கு நூற்றுக்கு அரை ரூபாய் கமிஷன் இருந்தது. 2011 டிசம்பர் முதல் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

மீதி 2 லட்சத்து 60 ஆயிரத்தை ஆபத்துக்கு இருக்கட்டும் என்று பாங்கிக் கணக்கிலேயே வைத்திருக்கிறார். (பாங்கி மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் வரை டிபாசிட் இன்சூரன்ஸ் உண்டு; 2020 பிப்ரவரி வரை அது ஒரு லட்சமாக இருந்தது.) அந்த இரண்டரை லட்சத்துக்காக வெல்த் மானேஜர் இன்னும் வாரத்துக்கு ஒரு தரம் போன் செய்கிறாராம்.